கல்லூரி வளாகமும் சுற்றுச்சூழலும்: அடிக்கடி காதில் விழும் கேள்விகள்

எங்கள் கல்லூரியின் சுற்றுச்சூழல் மன்றத்தோடு சில ஆண்டுகளாகச் சுற்றிக்கொண்டிருக்கிறேன். பகலில் ஆய்வக வேலை, மாலையில் மன்றம். ஒவ்வோர் ஆண்டும் புது மாணவர்கள் வருவார்கள். அதே கேள்விகளும் கூடவே வரும். விடுதிக் காப்பாளர், மெஸ் பொறுப்பாளர், பேராசிரியர்கள், எல்லாரும் ஒரே சந்தேகங்களைத்தான் வேறு வேறு குரலில் கேட்கிறார்கள். தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டதால் எழுதி வைக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இருக்கட்டும்.

வளங்குன்றா வாழ்வுன்னு நோட்டீஸ்ல போட்டிருக்கீங்க. அப்படின்னா என்ன?

நமக்குத் தேவையானதை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் பின்னால் வருபவர்களின் தேவைக்கும் இருக்கும்படி எடுத்துக்கொள்ள வேண்டும். 1987-ல் வந்த ஐ.நா.வின் புருண்ட்லாண்ட் ஆணைய அறிக்கை சொன்னதன் சாரம் இதுதான். வளாகம் என்பது ஒரு சின்ன ஊர். ஒரு பக்கம் கரண்ட், தண்ணீர், சாப்பாட்டுப் பொருள், பேப்பர் எல்லாம் உள்ளே வருகின்றன. இன்னொரு பக்கம் குப்பையும் சாக்கடையும் புகையும் வெளியே போகின்றன. உள்ளே வருவதைக் குறைப்பது, வெளியே போவதில் முடிந்ததை உள்ளேயே பயன்படுத்திக்கொள்வது, இவ்வளவுதான் வேலை.

வீட்டுக்கும் வளாகத்துக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. வீட்டில் கரண்ட் பில் எகிறினால் யாராவது ஒருவர் சத்தம் போடுவார். இங்கே ஆயிரம் பேர் சுவிட்சைப் போடுகிறார்கள், பில்லைப் பார்ப்பவர் கணக்குப் பிரிவில் ஒருவர்தான். கீழே உள்ள பதில்களில் பாதி இந்த இடத்துக்கே திரும்பி வரும்.

வருஷா வருஷம் ஜூன் அஞ்சாம் தேதி மரம் நடுறோமே, அது போதாதா?

நடுங்கள், நல்லதுதான். 1972-ல் ஸ்டாக்ஹோமில் நடந்த ஐ.நா. மாநாட்டின் நினைவாக 1973 முதல் அந்த நாள் கொண்டாடப்படுகிறது. ஆனால் கணக்கையும் பார்த்துவிடுங்கள். நன்றாக வளர்ந்த ஒரு மரம் ஆண்டுக்குச் சுமார் 20 கிலோ கார்பன் டை ஆக்சைடை உள்வாங்கும் என்று பொதுவாகச் சொல்வார்கள். இது மரத்துக்கு மரம் மாறும். நாம் நடுகிற முழ உயரக் கன்று அந்த நிலைக்கு வரப் பல ஆண்டுகள் ஆகும். இந்தப் பக்கம், 20 வாட் டியூப் லைட் ஒன்று தினமும் 12 மணி நேரம் வீணாக எரிந்தால் ஆண்டுக்குச் சுமார் 88 யூனிட். நிலக்கரியில் எடுத்த மின்சாரம் என்றால் ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ கார்பன் டை ஆக்சைடு. ஆளில்லாத நடைபாதையில் எரியும் ஒரே ஒரு விளக்கு, வளர்ந்த நான்கு மரங்களின் உழைப்பைத் தின்றுவிடுகிறது.

நட்டதில் எத்தனை பிழைத்தன என்று அடுத்த ஆண்டு எண்ணிப் பார்ப்பதும் நல்லது. ஒரே குழியில் மூன்றாவது தடவையாகக் கன்று வைத்ததை நானே பார்த்திருக்கிறேன். புகைப்படம் மட்டும் ஒவ்வொரு தடவையும் புதிது.

சரி, அப்ப எங்கிருந்து ஆரம்பிக்கணும்?

எண்ணுவதிலிருந்து. போஸ்டர் அடிப்பதற்கு முன்னால் எண்ணுங்கள். ஓர் இரவு பத்து மணிக்கு நான்கு மாணவர்களோடு ஒரு கட்டடத்தைச் சுற்றி வந்தோம். ஆளுக்கொரு நோட்டு, ஒரு பென்சில். பூட்டிய வகுப்பறைகளின் கண்ணாடியில் முகத்தை ஒட்டி வைத்து, எரிகிற விளக்கு, சுற்றுகிற ஃபேன் எல்லாவற்றையும் குறித்தோம். மூன்றாம் மாடிக் கணினி ஆய்வகம் இருட்டாகத்தான் இருந்தது. உற்றுப் பார்த்தால் வரிசை வரிசையாக ஆரஞ்சுப் புள்ளிகள். கதவில் காதை வைத்தால் மெல்லிய இரைச்சல். மானிட்டர்கள் தூங்குகின்றன, கீழே சி.பி.யூ.க்கள் முழித்துக்கொண்டிருக்கின்றன. சும்மா இருக்கும் கணினிக்கு 50 வாட் என்று வைத்தாலும், 60 கணினிக்கு மணிக்கு 3 யூனிட். பன்னிரண்டு மணி நேர இரவுக்கு 36 யூனிட்.

பகலில் மாணவர்கள் ஃபேனை அணைக்கிறார்களா என்று காவல் காத்த எங்களுக்கு இது ஒரு பாடமாகப் போனது. ஆள் இருக்கும் நேரத்தில் ஆகும் செலவைப் பற்றியே எல்லாரும் பேசுகிறோம். ஆள் இல்லாத இரவு, ஞாயிறு, விடுமுறை எல்லாம் சேர்ந்தால் ஆண்டில் பாதிக்கு மேல் வரும். கட்டடத்துக்குக் கட்டடம் தனி மீட்டர் இருந்தால் இரவு 11 மணிக்கும் காலை 5 மணிக்கும் அளவைக் குறித்தாலே போதும், எங்கே ஓட்டை என்று தெரிந்துவிடும்.

சார்ஜரை பிளக்லயே விட்டா நிறைய கரண்ட் போகும்னு சொல்றாங்களே?

போகும், ஆனால் மிகக் கொஞ்சம். போன் மாட்டாத இன்றைய நல்ல சார்ஜர் ஒன்று 0.1 வாட் அளவில் இழுக்கும். ஆண்டு முழுக்க அப்படியே விட்டாலும் ஒரு யூனிட்டைத் தொடாது. ஒன்றரை டன் ஏசி அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஓடினால் அந்தக் கணக்கு முடிந்தது. சார்ஜரைக் கழற்றுவது நல்ல பழக்கம்தான். ஆனால் அதற்குப் போஸ்டர் ஒட்டிவிட்டுக் கருத்தரங்கக் கூடத்தின் ஏசியை நிகழ்ச்சிக்கு மூன்று மணி நேரம் முன்பே போட்டு வைப்பவர்களைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது.

ஏசியை 18-ல வச்சா ரூம் சீக்கிரம் ஜில்லுன்னு ஆகும்தானே?

சாதாரண ஏசியில் ஆகாது. 18-ல் வைத்தாலும் 25-ல் வைத்தாலும் கம்ப்ரசர் ஒரே வேகத்தில்தான் குளிரூட்டும். 18 என்பது எப்போது நிற்க வேண்டும் என்று அதற்கு நாம் சொல்லும் எல்லை. அந்த எல்லையை எட்டாமலே அது ஓடிக்கொண்டிருக்கும், நாம் போர்வை தேடுவோம். 25, 26-ல் வைத்து ஃபேனை மெதுவாகச் சுற்றவிட்டால் காற்றோட்டமே பாதி வேலையைச் செய்துவிடும்.

ஃபேன் என்றதும் இன்னொன்று. பழைய பெட்டி போன்ற ரெகுலேட்டரில் வேகத்தைக் குறைத்தால் மிச்சமாக வேண்டிய மின்சாரத்தில் ஒரு பங்கு அந்தப் பெட்டியிலேயே சூடாகப் போய்விடும். மின்னணு ரெகுலேட்டரில் உண்மையாகவே மிச்சம். புதிதாக வாங்கும்போது பி.எல்.டி.சி. ஃபேன், அதாவது பிரஷ் இல்லாத மோட்டார் வைத்த ஃபேன், கேளுங்கள். பழைய வகை 75 வாட் இழுக்கும் இடத்தில் இது 30 வாட் பக்கத்தில் நிற்கும். விடுதியில் ஃபேன் பகலும் இரவும் சுற்றுவதால் வித்தியாசம் பில்லில் சீக்கிரமே தெரியும்.

ஒரு சொட்டுத் தண்ணி ஒழுகுறதுக்குப் போய் புகார் எழுதணுமா?

எழுதுங்கள். நொடிக்கு ஒரு சொட்டு என்றால் நாளைக்கு 86,400 சொட்டு. இருபது சொட்டு ஒரு மில்லி என்று வைத்தால் நாளைக்கு நான்கு லிட்டருக்கு மேல், ஆண்டுக்கு ஆயிரத்தைந்நூறு லிட்டருக்கு மேல். நம்பவில்லை என்றால் குழாய்க்கு அடியில் இரவு ஒரு மக்கை வைத்துவிட்டுத் தூங்குங்கள். காலையில் அது நிரம்பி வழிந்திருக்கும். அதைப் படமெடுத்துப் புகாரோடு இணைத்தால் பிளம்பர் சீக்கிரம் வருகிறார், இது அனுபவம்.

சொட்டும் குழாயாவது கண்ணுக்குத் தெரியும். கழிவறை பிளஷ் டேங்க் சத்தமே இல்லாமல் கசியும். டேங்கில் கொஞ்சம் உணவு நிறமியைக் கரைத்துவிட்டு, பிளஷ் செய்யாமல் அரை மணி நேரம் விடுங்கள். கீழே பேசினில் நிறம் தெரிந்தால் உள்ளே இருக்கும் ரப்பர் அடைப்பான் போய்விட்டது என்று அர்த்தம். இப்படிக் கசியும் ஒரு டேங்க் நாளைக்கு நூற்றுக்கணக்கான லிட்டரை விழுங்கக்கூடியது. அப்புறம் மொட்டை மாடித் தொட்டி நிரம்பி வழிவது. மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துபோகும் மனிதரை மாற்ற முடியாது, தானாக நிறுத்தும் மிதவை சுவிட்சைப் பொருத்தலாம்.

ஆர்.ஓ. மெஷின்ல இருந்து ஒரு குழாய் சும்மா தண்ணியைக் கொட்டிக்கிட்டே இருக்கே, அது ரிப்பேரா?

ரிப்பேர் இல்லை, அதன் குணமே அதுதான். சாதாரண சின்ன இயந்திரம் ஒரு லிட்டர் குடிநீர் தர இரண்டு மூன்று லிட்டரை வெளியே தள்ளும். அதில் உப்பு அடர்த்தியாக இருக்கும் என்பதால் செடிக்குத் தினமும் ஊற்ற வேண்டாம், தரை துடைக்கவும் கழிவறைக்கும் பயன்படுத்தலாம். அதற்கு முன்னால், உங்கள் தண்ணீருக்கு ஆர்.ஓ. தேவைதானா என்று ஒரு தடவை சோதித்துப் பாருங்கள். உப்பு குறைவான தண்ணீருக்குச் சாதாரண வடிகட்டியும் புற ஊதா விளக்கும் போதும்.

அக்கா, மூணு கலர்ல தொட்டி வச்சாச்சு. ஆனாலும் எல்லாம் கலந்தேதான் போகுது. ஏன்?

முதலில் தொட்டிக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று போய்ப் பாருங்கள். பல இடங்களில் மாணவர்கள் பிரித்துப் போட்டதை மாலையில் ஒரே வண்டியில் கொட்டுகிறார்கள். இதை ஒரே ஒரு மாணவர் பார்த்துவிட்டால் போதும், விஷயம் பரவி அடுத்த வாரத்திலிருந்து யாரும் பிரிக்க மாட்டார்கள். அவர்கள் மேல் தப்பே கிடையாது. எனவே வண்டி, சேமிக்கும் இடம், வாங்கிக்கொள்ளும் ஆள், இந்த மூன்றும் தயாரான பிறகு தொட்டி வையுங்கள்.

அப்புறம் வைக்கும் இடம். ஈரக் குப்பைக்கு ஒரு மூலை, உலர் குப்பைக்கு இன்னொரு மூலை என்றால் எது பக்கத்தில் இருக்கிறதோ அதில்தான் எல்லாம் விழும். தனித் தொட்டியே எங்கும் இருக்கக் கூடாது, எல்லாமே ஜோடியாக. வாய் வடிவமும் உதவும்: பாட்டில் தொட்டிக்கு வட்ட ஓட்டை, காகிதத்துக்கு நீளப் பிளவு. மேலே எழுத்தைவிட அந்த வளாகத்தில் நிஜமாகவே விழும் பொருள்களின் படம் நல்லது.

இதில் பெரிய நிபுணர்கள் துப்புரவுப் பணியாளர்கள். எந்தத் தொட்டி எந்த மணிக்கு நிரம்பும், எந்த வகுப்பு முடிந்ததும் என்ன விழும், எல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. எங்கள் மன்றம் அவர்களைக் கூட்டத்துக்குக் கூப்பிடவே இரண்டு ஆண்டுகள் ஆனது. கூப்பிட்ட அன்று ஓர் அம்மா, "தொட்டி மூடியை எடுத்துடுங்க, யாரும் கையால தொட்டுத் திறக்க மாட்டாங்க, மேலயே வச்சுட்டுப் போறாங்க" என்றார். மூடியை எடுத்தோம். மேலே குவிவது நின்றது.

பாட்டிலுக்கு அடியில முக்கோணத்துக்குள்ள நம்பர் இருக்கே. அப்ப அது மறுசுழற்சி ஆகும்தானே?

அந்த எண் எந்த வகைப் பிளாஸ்டிக் என்று மட்டும்தான் சொல்கிறது. 1988-ல் அமெரிக்கப் பிளாஸ்டிக் தொழில்துறை கொண்டுவந்த குறியீடு அது. 1 என்றால் பெட், தண்ணீர் பாட்டில் வகை. 2 கெட்டியான பாலிஎதிலீன், 5 பாலிபுரொப்பிலீன். இவற்றுக்கு ஓரளவு வாங்குபவர்கள் உண்டு. 6 பாலிஸ்டைரீன், 7 இதர கலவைகள். இவற்றைப் பெரும்பாலும் யாரும் தொடுவதில்லை. பல அடுக்குத் தின்பண்ட உறைகளும் அந்தக் கதைதான்.

2017-ல் வெளியான ஓர் ஆய்வு, 2015 வரை உலகில் உருவான பிளாஸ்டிக் கழிவில் மறுசுழற்சி ஆனது சுமார் 9 சதவீதம்தான் என்று கணக்கிட்டது. தொட்டியில் சரியாகப் போட்டதும் கடமை முடிந்தது என்ற நிம்மதி இருக்கிறதே, அதைக் கொஞ்சம் சந்தேகியுங்கள்.

பேப்பர் கப், "மக்கும்"னு எழுதின கப் எல்லாம் பிரச்சனை இல்லைதானே?

பேப்பர் கப்பைத் தண்ணீரில் ஊறவைத்து ஓரத்தை உரித்துப் பாருங்கள். மெல்லிய ஜவ்வு ஒன்று தனியாக வரும். அதுதான் பாலிஎதிலீன் பூச்சு. அது இல்லாவிட்டால் கப் ஒழுகிவிடும். காகிதத்தோடும் சேராது, பிளாஸ்டிக்கோடும் சேராது என்பதால் வாங்குபவர் ஒதுக்கிவிடுவார்.

"மக்கும்" என்ற சொல்லில் பல வகை ஒளிந்திருக்கிறது. பி.எல்.ஏ. என்ற தாவரப் பிளாஸ்டிக், 60 டிகிரியை ஒட்டிய வெப்பத்தைத் தொடர்ந்து தரும் பெரிய உர ஆலைகளில்தான் ஒழுங்காக மக்கும். நம் உரக்குழியில் போட்டால் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். ஆக்ஸோ வகை, அதாவது சீக்கிரம் சிதையவென்று வேதிப்பொருள் கலந்த சாதாரணப் பிளாஸ்டிக், மக்குவதே இல்லை, பொடிப்பொடியாக உடைகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2019-ல் அதைத் தடை செய்யச் சட்டம் இயற்றியது. கழுவிப் பயன்படுத்தும் எவர்சில்வர் டம்ளர் வையுங்கள். கழுவ ஆள் இல்லை என்பார்கள். கப் வாங்கும் ஆண்டுச் செலவைக் கணக்குப் பிரிவில் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டு அந்தப் பேச்சைத் தொடங்குங்கள்.

கருத்தரங்குக்கு வர்றவங்களுக்குத் துணிப்பை கொடுக்குறோம். அது நல்லதுதானே?

எத்தனையாவது துணிப்பை என்பதைப் பொறுத்தது. பருத்தி விளையத் தண்ணீர், உரம், நெய்யக் கரண்ட் என்று அதன் பின்னால் நிறையச் செலவு இருக்கிறது. பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011-ல் வெளியிட்ட ஆய்வின்படி, மெல்லிய பிளாஸ்டிக் பை ஒன்றோடு புவி வெப்பமாதல் கணக்கில் சமமாக, ஒரு பருத்திப் பையை 131 தடவை பயன்படுத்த வேண்டும். பழைய பையையே கையோடு எடுத்துப் போகிறவருக்கு இது பெரிய விஷயமில்லை. ஆனால் பேராசிரியர் ஒருவரின் அலமாரியைத் திறந்து பாருங்கள், கருத்தரங்கின் பெயரும் தேதியும் அச்சடித்த பைகள் மடிப்புக் கலையாமல் அடுக்கியிருக்கும். தேதி போட்ட பொருளை வேறு யாருக்கும் கொடுக்கவும் முடியாது. பையே வேண்டாம் என்று பதிவுப் படிவத்தில் ஒரு கட்டம் வையுங்கள்.

நிகழ்ச்சி பேனருக்கும் இதே விதி. பிளெக்ஸ் என்பது பி.வி.சி. பூசிய துணி; வாங்கி உருக்குபவர் கிடைப்பது அரிது. தேதியும் ஆண்டும் இல்லாமல் ஒரு பேனர் அடித்துவிட்டு, மாறுகிற வரியை மட்டும் தனியாகத் தொங்கவிட்டால் நான்கைந்து ஆண்டுகள் ஓடும்.

மெஸ்ல இவ்வளவு சாப்பாடு மிச்சமாகுதே, பசங்களுக்குப் பொறுப்பே இல்லையா?

பொறுப்புக்கு வருவதற்கு முன் தராசுக்கு வாருங்கள். ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கைப்படி 2022-ல் உலகில் 105 கோடி டன் உணவு வீணானது. நுகர்வோரிடம் வரும் உணவில் ஐந்தில் ஒரு பங்கு அது. ஆக, இது மாணவர்களின் தனிக் குணம் கிடையாது.

நாங்கள் ஒரு வாரம் மூன்று வாளி வைத்து எடை போட்டோம். தட்டில் மிஞ்சியது ஒரு வாளி, பரிமாறாமல் பாத்திரத்தில் மிஞ்சியது ஒன்று, நறுக்கும்போது கழித்தது ஒன்று. எல்லாரும் திட்டிக்கொண்டிருந்தது முதல் வாளியை. தேர்வு நாள்களிலும் வெள்ளி இரவிலும் கனத்தது இரண்டாவது வாளி. ஊருக்குப் போனவர்களுக்கும் சேர்த்துச் சமைத்துவிட்டார்கள். முதல் நாளே வருகையைக் குறிக்கும் ஒரு தாள் ஒட்டியதும் அது இறங்கியது. தட்டு வாளிக்கு, சின்ன கரண்டி மாற்றினோம், எவ்வளவு தடவை வேண்டுமானாலும் வாங்கலாம் என்று எழுதினோம். தட்டு வாளியின் எடையை ஒரு பலகையில் தினமும் எழுதி வைத்ததில், வாயிலில் நின்று அறிவுரை சொன்ன காலத்தைவிட வேகமாகக் குறைந்தது. யாரையும் பெயர் சொல்லிக் காட்ட வேண்டாம், எண் மட்டும் போதும்.

உரக்குழி ஆரம்பிச்சோம். நாத்தம் தாங்கலைன்னு மூடச் சொல்லிட்டாங்க. எங்க தப்பு?

நாற்றம் என்றால் பெரும்பாலும் ஈரம் கூடிவிட்டது, காற்று போகவில்லை. மக்கச் செய்யும் நுண்ணுயிர்களுக்குக் கார்பனும் நைட்ரஜனும் ஏறத்தாழ 30-க்கு 1 என்ற விகிதத்தில் வேண்டும். சாப்பாட்டு மிச்சத்தில் நைட்ரஜன் அதிகம், காய்ந்த இலையில் கார்பன் அதிகம். ஒரு வாளி ஈரக் குப்பைக்கு இரண்டு வாளி காய்ந்த இலை போட்டு மூடுங்கள். கையில் ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் பிழிந்த பஞ்சு போல ஈரம் தெரிய வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. வாரம் ஒரு முறை கிளறுங்கள்.

சரியாகப் போகும் குவியலுக்குள் கம்பியைச் செருகிச் சில நிமிடம் கழித்து எடுத்தால் தொட முடியாத சூடு இருக்கும். 55 டிகிரிக்கு மேலேயே போகும். அந்தச் சூட்டில்தான் களை விதைகளும் கிருமிகளும் சாகின்றன. காற்றில்லாமல் அழுகினால் மீத்தேன் வரும். அது நூறாண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைப் போல 28 மடங்கு வெப்பத்தைப் பிடிக்கும். குப்பை மேட்டுக்கு அனுப்பினாலும் அங்கே நடப்பது அதுதான்.

காய்ஞ்ச இலையைக் கூட்டாம விட்டா பாம்பு வரும்கிறாங்க. எரிச்சுடலாமா?

எரிக்க வேண்டாம். புகை விடுதி ஜன்னலுக்குள் வரும், மேலே சொன்ன உரக்குழிக்கு வேண்டிய முக்கியச் சரக்கும் சாம்பலாகிவிடும். நடைபாதையிலும் கட்டட ஓரத்திலும் கூட்டுங்கள், அங்கே பயம் நியாயமானது. ஆள் நடக்காத மரத்தடியில் அப்படியே விடுங்கள். மண் ஈரம் காக்கும், பூச்சிகள் சேரும், அதைத் தின்னப் பறவைகள் வரும். பாம்பைக் கூட்டி வருவது பெரும்பாலும் எலி. எலியைக் கூட்டி வருவது மூடாத சாப்பாட்டுக் குப்பை.

இதைக் கேக்கக் கூச்சமா இருக்கு. லேடீஸ் ஹாஸ்டல்ல நாப்கினை என்ன செய்யறது?

கூச்சப்படாமல் கேட்க வேண்டிய கேள்வி. யாரும் கேட்காததால்தான் கழிவறைக் குழாய்கள் அடைக்கின்றன. நாப்கினில் பெரும்பகுதி பிளாஸ்டிக், மக்காது. தனியாகச் சுற்றி, அடையாளம் போட்டு, தனித் தொட்டியில். விடுதியில் வைக்கும் சின்ன எரிப்பான்கள் 800 டிகிரியை எட்டாவிட்டால் நச்சுப் புகையைத்தான் விடும். வாங்குவதற்கு முன் வெப்ப அளவைக் கேளுங்கள்.

சிலிக்கோன் மாதவிடாய் கப் பல ஆண்டுகள் வரும், துணி நாப்கினும் நல்லதே. ஆனால் எதைப் பயன்படுத்துவது என்பது அவரவர் உடம்பு சார்ந்த முடிவு, மன்றம் வற்புறுத்த அதில் இடமில்லை. மன்றம் செய்யக்கூடியது வேறு. துணியைத் துவைக்கத் தண்ணீரும் வெயில் படும் மறைவான கொடியும் விடுதியில் இருக்கிறதா? அவை இல்லாமல் துணி நாப்கினைப் பரிந்துரைப்பது, நோயை வாங்கிக்கொள்ளச் சொல்வது போல.

பழைய போன், வீங்கிப்போன பேட்டரி எல்லாம் சேர்த்து வச்சிருக்கோம். எங்க போடலாம்?

வீங்கிய பேட்டரியைச் சேர்த்து வைக்காதீர்கள். அழுத்தினாலோ குத்தினாலோ தீப்பிடிக்கும். குப்பை வண்டிகள் எரிவதற்கு இதுவும் ஒரு காரணம். உலோகப் பெட்டியில் மணல் போட்டுத் தனியாக, கட்டடத்துக்கு வெளியே நிழலில் வைத்து, உரிமம் பெற்ற மின்கழிவு எடுப்பவரிடம் சீக்கிரம் ஒப்படைக்க வேண்டும். மற்ற மின்கழிவுக்கும் அதே ஆள்தான். உலகில் 2022-ல் உருவான 6.2 கோடி டன் மின்கழிவில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 சதவீதம். ஓடுகிற நிலையில் இருக்கும் பழைய கணினியைத் தூக்கிப் போடாமல் ஜூனியருக்குக் கொடுப்பது இதையெல்லாம் விட மேல்.

மொட்டை மாடியில சோலார் போட்டாச்சே. இனிமே கரண்ட்டைப் பத்திக் கவலை இல்லைதானே?

ஒரு கிலோவாட் தகடு, நல்ல வெயில் உள்ள இடத்தில் நாளைக்குச் சுமார் நான்கு யூனிட் தரும். மூன்றாம் கேள்வியில் சொன்ன கணினி ஆய்வகம் ஓர் இரவில் வீணாக்கிய 36 யூனிட்டை ஈடுகட்ட மட்டும் ஒன்பது கிலோவாட் தகடு வேண்டும். ஓட்டையை அடைத்துவிட்டுத் தகடு வாங்கினால் பாதி இடத்தில் வேலை முடியும்.

இன்னொன்று பலருக்கும் தெரிவதில்லை. பேட்டரி இல்லாமல் மின்வாரிய வலையோடு இணைத்த சோலார், வெளியே கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்பவருக்கு ஷாக் அடிக்காமல் இருக்க அப்படி வைத்திருக்கிறார்கள். "சோலார் இருந்தும் ஏன் ஃபேன் சுத்தல?" என்று எலக்ட்ரீஷியனைத் திட்ட வேண்டாம். தகட்டில் தூசி படிந்தால் உற்பத்தி குறையும். யார் துடைப்பது என்பது வாங்கும் அன்றே முடிவாகியிருக்க வேண்டும்.

நான் ஒருத்தன் மாறி என்ன ஆகப்போகுது? பெரிய கம்பெனிகள்தானே காரணம்?

பாதி சரி. தனிநபரின் கார்பன் தடம், அதாவது ஒருவர் வாழ்க்கையால் வெளியாகும் கார்பனின் கணக்கு, என்ற பேச்சைப் பெரிய அளவில் பரப்பியதே ஓர் எண்ணெய் நிறுவனம்தான்: 2000-களின் நடுவில் பி.பி. நடத்திய விளம்பர இயக்கம். குற்றவுணர்ச்சியைத் தனி ஆள் தலையில் கட்டுவது யாருக்கு வசதி என்று யோசிப்பதில் தப்பில்லை.

ஆனால் வளாகத்தில் நீங்கள் வெறும் தனி ஆள் இல்லை. மெஸ் கமிட்டியில் உட்கார்ந்து சின்ன கரண்டிக்குச் சம்மதம் வாங்கினால் அது விடுதியில் எல்லாருக்கும் பொருந்தும். கணினிகள் அரை மணி நேரம் சும்மா இருந்தால் தானாகத் தூங்கும்படி நிர்வாகியிடம் அமைக்கச் சொன்னால் யாருக்கும் அறிவுரையே தேவையில்லை. உங்கள் சொந்த பாட்டிலைவிட அந்த ஒரு கையெழுத்துக்கு எடை அதிகம். பாட்டிலையும் கொண்டு வாருங்கள், சரிதான்.

சீனியர்ஸ் போனதும் மன்றம் படுத்துடுது. என்ன செய்யறது?

ஆர்வத்தில் ஓடுகிற வேலை ஆர்வம் உள்ளவர் போனதும் நிற்கத்தான் செய்யும். மாணவர்கள் மூன்று நான்கு ஆண்டுகளில் போய்விடுவார்கள். எலக்ட்ரீஷியன், மெஸ் மேற்பார்வையாளர், ஆய்வக உதவியாளர் இருப்பார்கள். மீட்டர் குறிப்பது, ஏசி வடிகட்டியைக் கழுவுவது, தொட்டிகளைச் சோதிப்பது எல்லாம் அவர்களின் மாத வேலைப் பட்டியலில் ஒரு வரியாக ஏறிவிட வேண்டும். ஏற்றிவிட்டு, அதற்கு நேரமும் ஒதுக்கச் சொல்லுங்கள். இருக்கிற வேலையின் மேல் சும்மா ஏற்றினால் அவர்கள் நம்மைத் திட்டுவது நியாயம். மாணவர்களுக்கு: ஒரே ஒரு நோட்டு, எல்லா அளவுகளும் அதில், இறுதியாண்டு தொடங்கும்போதே இரண்டாமாண்டுக்காரர் கையில்.

எங்க காலேஜுக்குப் பசுமை வளாகம்னு சான்றிதழே இருக்கு. இன்னும் என்ன?

வாழ்த்துகள். அதை வாங்கிய ஆண்டில் ஒரு மாணவருக்கு மாதம் எத்தனை யூனிட், எத்தனை லிட்டர், எத்தனை கிலோ குப்பை, இன்றைக்கு எவ்வளவு? இந்த ஆறு எண்களும் இருந்தால் சான்றிதழைப் பற்றிப் பேசலாம். மொத்தக் கணக்கை மட்டும் காட்டினால் ஏமாந்துவிடாதீர்கள். மாணவர் எண்ணிக்கை குறைந்தாலும் மொத்தம் குறையும். 1990-ல் பிரான்சின் தல்வார் ஊரில் பல்கலைக்கழகத் தலைவர்கள் பத்து அம்ச உறுதிமொழி ஒன்றை உருவாக்கினார்கள். 500-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் கையெழுத்திட்டன. கையெழுத்து போட்ட மறுநாள் மீட்டர் எதுவும் மெதுவாக ஓடியிருக்காது.

நாளைக்கு லீவு விடுறாங்க. கிளம்புறதுக்கு முன்னாடி ஒரே ஒரு வேலை சொல்லுங்க.

வாட்டர் கூலர்கள். ஆளே இல்லாத மாடியில் விடுமுறை முழுக்கத் தண்ணீரைக் குளிரவைத்துக்கொண்டே இருக்கும், யார் கண்ணிலும் படாது. எத்தனை இருக்கின்றன என்று ஒரு சுற்று போய் எண்ணுங்கள். எலக்ட்ரீஷியனிடம் சொல்லிவிட்டு பிளக்கைக் கழற்றுங்கள், தொட்டியைக் காலி செய்து மூடியைத் திறந்து காயவிடுங்கள். துறை அலுவலகத்தின் சின்ன குளிர்பதனப் பெட்டிக்கும் அப்படியே. ஆய்வகத்தின் குளிர்பதனப் பெட்டியை மட்டும் கேட்காமல் தொடாதீர்கள், உள்ளே யாருடைய மூன்று வருட ஆராய்ச்சி இருக்கிறதோ. திரும்பி வந்ததும் கூலரில் முதலில் நிரம்பும் தண்ணீரை யாரும் குடிக்க வேண்டாம், அதைச் செடிக்கு ஊற்றிவிடுங்கள்.